பின்கதவுக்குள் பேஸ் பெட்டி: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

சிவனொளிபாதமலை சீசன் டிசம்பர் போயாவோடு தொடங்கும். அதற்கு ஒரு மாதம் முன்னமே ஹட்டன், மஸ்கெலியா பக்கத்து வேன்காரர்களுக்குப் பாட்டுச் செட் ஞாபகம் வந்துவிடும். ஆள் ஏற்ற இடம் வேண்டும், பைகளைப் போட இடம் வேண்டும், பேஸும் வேண்டும். மூன்றும் வேண்டுமென்றால் சப்வூஃபர், அதாவது பேஸ் மட்டும் அடிக்கும் ஸ்பீக்கரின் பெட்டிக்கு மிஞ்சுவது பின்கதவின் கீழ்ப்பாதிதான். டொல்பின் வேனின் மேலே தூக்கும் டிக்கிக் கதவிலும் அடித்திருக்கிறேன், லேண்ட் ரோவர், ஜிம்னி மாதிரிப் பக்கவாட்டில் திறக்கும் கதவிலும் அடித்திருக்கிறேன். புதிதாக அடித்ததைவிட, எங்கோ அடித்துக் கோளாறோடு வந்ததைப் பிரித்ததுதான் அதிகம்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "அண்ணே, சப் செத்துப்போச்சி." பெரும்பாலும் சப் சாகவில்லை. சீட்டுக்கடியில் கிடக்கும் பெட்டிக்கு இல்லாத மூன்று கஷ்டம் கதவுப் பெட்டிக்கு உண்டு. அது ஆடும், நனையும், ஒரு நாளைக்கு இருபது தரம் அறைபடும். அதனால் ஸ்பீக்கரைக் கழற்றும் முன் கதவைப் பாருங்கள்.

நான் இங்கே சொல்வது 10 அங்குல, ஆழம் குறைந்த சப் ஒன்று, 15 முதல் 18 லீட்டர் வரையான மூடிய பெட்டிக்குள் இருக்கும் அமைப்பைப் பற்றி. அம்ப், அதாவது ஸ்பீக்கருக்குப் பலம் கொடுக்கும் அம்ப்ளிபயர், சீட்டுக்கடியில் இருக்கும். கதவுக்குள் ஸ்பீக்கர் வயர் மட்டும் போகும். அம்பையும் கதவுக்குள்ளேயே வைத்திருந்தால் வேறெதையும் பார்க்காதீர்கள், முதலில் அதை வெளியே எடுங்கள். கையில் வேண்டியது ஒரு மீட்டர், ஒரு டோர்ச், ரிமோட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, மாஸ்கிங் டேப், ஊதுவத்தி.

விட்டு விட்டு அடிக்கிறது. கதவைத் திறந்து மூடினால் சரியாகிறது

இது வயர். தயங்காமல் சொல்லலாம்.

கதவுக்கும் வண்டியின் பொடிக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். பின் வைப்பர், நம்பர் பிளேட் பல்ப், கண்ணாடி டிமிஸ்டர், சென்ட்ரல் லொக் எல்லாவற்றின் வயரும் அதற்குள்தான் போகும். ஸ்பீக்கர் வயரையும் அதற்குள்ளேதான் விட வேண்டும். சிலர் அதற்குச் சோம்பல்பட்டு கதவைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பருக்கு மேலாக வயரைக் கொண்டுபோய்க் கதவை மூடிவிடுவார்கள். இரண்டு மாதம் தாங்கும். பிறகு வயரின் மேல் ரப்பர் நசுங்கி, உள்ளிருக்கும் செம்பு வண்டியின் பொடியில் பட்டு, அம்ப் பாதுகாப்புக்குப் போய் சிவப்பு லைட் எரியும்.

குழாய்க்குள் ஒழுங்காக விட்டிருந்தாலும் சாதாரணத் தடித்த வயர் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து உள்ளே அறுந்துபோகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அம்பிலிருந்து சப் வயர் இரண்டையும் கழற்றி, மீட்டரை ஓமில் வைத்து அந்த முனைகளைப் பிடியுங்கள். 4 ஓம் சப் என்றால் மூன்றரை அளவில் காட்டும். 4 ஓம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் மீட்டரில் அதைவிடக் குறைவாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். இப்போது இன்னொருவரைக் கதவை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். இலக்கம் துள்ளினாலோ, ஒன்றுமே இல்லாமல் போனாலோ அறுந்த இடம் குழாய்க்குள்தான்.

குழாயின் இரண்டு முனையையும் கழற்றிப் பின்னால் தள்ளிவிட்டு வயரை விரல் நுனியால் அங்குலம் அங்குலமாக மடித்துக்கொண்டே போங்கள். நல்ல இடம் விறைப்பாக எதிர்க்கும். அறுந்த இடம் நூல் மாதிரித் தொய்யும். அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டி முறுக்கி டேப் சுற்றுவது வீண்வேலை, பக்கத்திலேயே அடுத்தது அறும். கதவுக்குள் ஒரு அடி, பொடிக்குள் ஒரு அடி மிச்சம் விட்டு முழுத் துண்டையும் மாற்றுங்கள். மெல்லிய இழை நிறைய உள்ள வளையும் வயர்தான் வேண்டும். மூட்டுகள் குழாய்க்கு வெளியே இருக்கட்டும். குழாய்க்குள் மூட்டு வரக்கூடாது.

கதவு தடதடக்கிறது, கறகறக்கிறது

சப் கிழிந்துவிட்டது என்று கொண்டுவருவதில் பெரிய பங்கு இதுதான். சப் கிழிந்தால் எந்தச் சத்த அளவிலும் உரசும். கதவு ஆடினால் சில பாட்டில், சில இடத்தில் மட்டும் வரும். இந்த வித்தியாசத்தை முதலில் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போனில் இலவசமாகக் கிடைக்கும் டோன் அப்ளிகேஷன் ஒன்றில் 20 ஹேர்ட்சிலிருந்து 80 வரை மெதுவாக ஏற்றுங்கள். எந்த இலக்கத்தில் தடதடப்பு வருகிறதோ அதில் நிறுத்துங்கள். பிறகு கதவு முழுக்க உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்கே அழுத்தினால் நிற்கிறதோ அங்கே ஒரு துண்டு மாஸ்கிங் டேப். நான் முதலில் கை வைப்பது எப்போதும் நம்பர் பிளேட். இரண்டு ஆணியில் தொங்கும் மெல்லிய தகடு, இதைவிட நல்ல தாளம் கிடையாது. பின்னால் ஸ்பொஞ்ச் டேப் ஒட்டினால் முடிந்தது. அடுத்து டோர் போர்ட் கிளிப்புகள், மூன்றாவது பிரேக் லைட், வைப்பர் மோட்டர் பிடிப்பு, பிறகு லொக் கம்பி. லொக் கம்பி கதவின் உள்தகட்டில் உரசும்போது வரும் சத்தம் அசல் கிழிந்த ஸ்பீக்கர் சத்தம்தான், பழகிய காதே ஏமாறும். கம்பியைத் துணி டேப்பால் சுற்றுங்கள். கைபிடி தடையில்லாமல் இழுபடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போர்டை மூட வேண்டும். பின்கதவு அவசரத்துக்கு வெளியேறும் வழியும்கூட.

எங்கே அழுத்தினாலும் நிற்கவில்லை, முழுக் கதவும்தான் ஆடுகிறது என்றால் ஒரு பேப்பர் துண்டை பீடிங்கில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் பீடிங் அழுத்தவில்லை. மேலே தூக்கும் கதவுகளின் ஓரத்தில் இரண்டு ரப்பர் குமிழ் இருக்கும். சில வண்டிகளில் அவற்றைத் திருகி வெளியே எடுக்கலாம், தேய்ந்திருந்தால் மாற்றலாம். லொக் கொக்கியை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினாலும் போதும்.

கடைசியாகப் பெட்டியின் பிடிப்பு. பெட்டி டோர் போர்டில் பிடித்திருக்கக் கூடாது, உள் இரும்புச் சட்டத்தில் போல்ட்டில் பிடித்திருக்க வேண்டும். தகட்டில் நேரடியாக ஏற்றிய திருகாணி நம் தோட்டத்துக் கல் ரோட்டில் ஆறு மாதத்தில் துளையைப் பெரிதாக்கிவிடும். ரிவெட் நட் அடித்து 6 மில்லிமீட்டர் போல்ட், தளராத நைலோன் நட் போடுங்கள். வெளித்தகட்டுக்கு, அதிர்வை அடக்கும் பியூட்டைல் ஷீட் ஒட்டுவது நல்லது. முழுக்க ஒட்ட வேண்டியதில்லை, தட்டினால் டப்பா மாதிரிக் கேட்கும் நடுப்பகுதிக்குப் போதும். காலைக் குளிரில் ஒட்டினால் பிடிக்காது. தகட்டைத் துடைத்துக் காயவைத்து, ஷீட்டை ஹேர் டிரையரால் சூடாக்கி ஒட்டுங்கள்.

அடிக்கிறது, ஆனால் பேஸில் பலமில்லை

முதலில் வயரை மாற்றிக் கேளுங்கள். சப்பின் கூட்டல் கழித்தலை இடம் மாற்றி டிரைவர் சீட்டில் இருந்து அதே பாட்டைக் கேட்டால், இரண்டில் ஒன்று நிச்சயம் நிறைவாக இருக்கும். அதையே வையுங்கள். முன் ஸ்பீக்கரும் சப்பும் எதிரெதிராகத் தள்ளினால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இரட்டைக் கொயில் சப், அதாவது ஸ்பீக்கரின் கோனைத் தள்ளும் சுருள் இரண்டு உள்ளது என்றால் இன்னொரு பார்வை வேண்டும். ஒரு கொயில் நேராகவும் மற்றது தலைகீழாகவும் கொடுத்திருந்தால் சப் கிட்டத்தட்ட ஊமையாகிவிடும், ஆனால் கொயில் மட்டும் சூடாகும். சந்தேகமென்றால் அம்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கொயிலாக 1.5 வோல்ட் பேட்டரியைக் கண நேரம் தொடுங்கள். பேட்டரியின் கூட்டல் கொயிலின் கூட்டலில் பட்டால் கோன் வெளியே துள்ள வேண்டும். விரலைக் கோனில் லேசாக வைத்திருந்தால் "டுப்" என்று முட்டுவது தெரியும்.

அது சரியென்றால் பெட்டியில் கசிவு. 30 ஹேர்ட்ஸ் டோனைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, ஒரு ஊதுவத்தியை மூட்டு ஓரமாக நகர்த்துங்கள். புகை நேராக எழும்பிக்கொண்டிருக்கும்; கசிவு வந்த இடத்தில் நடுங்கிச் சிதறும். வயர் நுழையும் துளையிலும், ஸ்பீக்கர் உட்காரும் விளிம்பின் அடியிலும்தான் முதலில் பாருங்கள். பைபர் பெட்டிக்கு ரெசின் பூசும் வேலை நடந்த அன்று மட்டும் பக்கத்தில் நெருப்பு வைக்காதீர்கள்.

பெட்டியே கட்டாமல், டோர் போர்டில் வட்டம் வெட்டி ஸ்பீக்கரை மாட்டியிருந்தால் கசிவு தேடுவதில் அர்த்தமில்லை. கதவு முழுக்க ஓட்டைதான்.

கீழேயிருந்து ஏறி வந்தால் கோன் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது

ஒருமுறை கொழும்பில் பைபர் பெட்டி அடித்துக்கொண்டு A7 பாதையில் ஏறி வந்த ஒரு தம்பி, ஹட்டனில் டிக்கியைத் திறந்து காட்டினான். கோன் முழங்கால் வீங்கின மாதிரி முன்னால் நின்றது. "கொயில் எரிஞ்சி இறுகிப்போச்சாண்ணே?" என்று கேட்டான். எரியவில்லை. வேலை அளவுக்கு மிஞ்சி நன்றாக நடந்திருந்தது, அவ்வளவுதான்.

கடல் மட்டத்தில் மூடிய பெட்டிக்குள் அங்கேயுள்ள காற்றழுத்தம் அடைபட்டிருக்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே இருப்பது வெளியே தள்ளும். பிஸ்கட் பக்கற் மலையேறும்போது உப்புவது இதனால்தான். சாதாரணப் பெட்டியில் எங்காவது நூலளவு கசிவு இருந்து, ஏறுகிற நேரத்துக்குள் சமமாகிவிடும். வயர் துளை, டெர்மினல், விளிம்பு எல்லாவற்றுக்கும் சிலிக்கன் ஊற்றிச் செத்தாலும் மூச்சு விடாதபடி அடைத்த பெட்டிக்கு அந்த வழி இல்லை. மலையில் அடைத்த பெட்டி கீழே இறங்கும்போது இதே கதை மறுபக்கம், கோன் உள்ளே உறிஞ்சப்படும். நடுநிலையில் இல்லாத கோனை அந்த நிலையில் அடித்தால் உண்மையாகவே கிழியும்.

தீர்வு சிறியது. பெட்டியின் பின்பக்கம் ஊசி புகும் அளவுக்கு ஒரு துளை, ஒரு மில்லிமீட்டர் போதும். பேஸுக்கு ஒன்றும் ஆகாது, காற்று மெல்லச் சமமாகும். துளையைக் கதவின் ஈரம் படாத பக்கத்தில் வையுங்கள்.

கதவு மேலே நிற்க மாட்டேன் என்கிறது, அல்லது மூட மறுக்கிறது

ஸ்பீக்கரும் பெட்டியும் சேர்ந்தால் எட்டு, பத்து கிலோ கதவில் ஏறிவிடும். டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஷொக் அந்தப் பாரத்துக்குச் செய்ததல்ல. போதாததற்கு அதற்குள் இருக்கும் கேஸ் குளிரில் பலம் குறையும்: 30 பாகையில் தாங்குவதைவிட 10 பாகையில் ஏறக்குறைய 7 சதவீதம் குறைவாகத்தான் தாங்கும். அதனால்தான் கொழும்பில் நின்ற கதவு, நுவரெலியாவில் விடியற்காலையில் தலையில் விழுகிறது. பழைய ஷொக்கில் 350N, 400N என்று அச்சடித்திருக்கும்; அதைக் குறித்துக்கொண்டுபோய் அதே நீளத்தில் கூடிய இலக்கம் வாங்குங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அதுவரைக்கும் ஒரு கம்பு முட்டுக்கொடுத்துவிட்டுக் குனியுங்கள்.

பக்கவாட்டுக் கதவில் பிரச்சினை கீல். கதவைப் பாதி திறந்து, பூட்டும் பக்கத்துக் கீழ் மூலையைத் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது. ஸ்பெயார் சில்லும் அதே கதவில் தொங்குகிற வண்டி என்றால், கீலைச் சரிசெய்யாமல் பெட்டி போடாதீர்கள். நான் மாட்டேன் என்று திருப்பி அனுப்பியும் இருக்கிறேன்.

கீல் நன்றாக இருந்தும் மூடும்போது பெட்டி பொடியில் இடித்தால் அளவெடுத்த முறை பிழை. கதவு மூடிய நிலையில் மட்டும் அளந்திருப்பார்கள். கதவு வட்டமாக வருகிறது. கீலுக்குத் தூரமான மூலை உள்ளே நுழையும்போதுதான் தட்டும். பலகை வெட்டும் முன் அட்டைப்பெட்டியில் ஒரு மாதிரி செய்து டேப் ஒட்டி, நான்கு தரம் மூடித் திறந்து பாருங்கள். எங்கே நசுங்குகிறதோ அங்கே சரிவு.

உள்ளே தண்ணீர்

கதவைத் திறந்தால் "களக்" என்று கேட்கிறதா? கதவின் அடி விளிம்பில் வடிகால் துளைகள் இருக்கும். கண்ணாடி ரப்பருக்குள்ளால் இறங்கும் மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேறும். பெட்டி அடித்தவர் சிலிக்கனால் அதையும் அடைத்திருப்பார். ஒரு கேபிள் டையை விட்டுக் குடைந்து, உள்ளே ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே வடிந்தால் சரி. பெட்டியின் அடி கதவின் அடியில் உட்காரக் கூடாது, ஒரு விரல் இடைவெளி வேண்டும்.

மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எப் பலகை பற்றி என் அபிப்பிராயம் கடுமையானது. கொழும்பில் நல்ல பலகைதான். தென்மேல் பருவமழையில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஓடும் வண்டியின் கதவுக்குள் அது ரொட்டி மாதிரி ஊறும். தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட் அல்லது பைபர் போடுங்கள். பிளைவுட்டின் வெட்டு ஓரங்களுக்கு ரெசின் தடவுங்கள். டெர்மினல் பச்சை பூத்திருந்தால் சுரண்டிவிட்டுக் கிரீஸ் பூசுங்கள்.

பைபர் பெட்டி நாலு நாளாகியும் பிசுபிசுக்கிறது

குளிர். ரெசின் 20 பாகைக்குக் கீழே போனால் சோம்பிவிடும், நுவரெலியாவின் சராசரியே 16 பாகை அளவுதான். ரெசினை இறுக வைக்கும் ஹாட்னரைக் கண்ணாபின்னாவென்று கூட்டாதீர்கள். டப்பாவில் போட்ட அளவுக்குள் மேல் எல்லையில் நின்றுகொண்டு, இடத்தைச் சூடாக்குங்கள். மூடிய அறையில் இரண்டு பழைய குண்டு பல்ப் ஒரு இரவு எரிந்தால் போதும். அடுப்பு மூட்டாதீர்கள், அந்த ஆவி பற்றிக்கொள்ளும். மூடுபனி நாளில் வெளியே வைத்து அடித்தால் மேல்தோல் ஈரம் குடித்து வெளுக்கும். அதை உரசி எடுத்துவிட்டு மறுபடி ஒரு படை போட வேண்டும்.

மூடுபனியில் ஏறும்போது அம்ப் நின்றுபோகிறது

ஹெட்லைட், வைப்பர், புளோவர், டிமிஸ்டர் எல்லாம் ஓடும்போது அம்புக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். எல்லாவற்றையும் போட்டுவிட்டு எஞ்சின் ஓட, பேட்டரியில் ஒரு தரமும் அம்பின் வாயில் ஒரு தரமும் வோல்ட் பாருங்கள். இரண்டிலும் 13க்குக் கீழே என்றால் ஓல்டர்னேட்டர் அல்லது பெல்ட். பேட்டரியில் 14 இருந்து அம்பில் 12.5 என்றால் வழியில் தொலைகிறது. எர்த் போல்ட்டின் கீழ் பெயின்டைச் சுரண்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு வயரின் முனையை பிளேடால் சீவிப் பாருங்கள். செம்புப் பூச்சுக்குள் வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். தடிப்பைப் பார்த்து ஏமாந்திருக்கிறீர்கள். பேட்டரிக்கு 45 சென்டிமீட்டருக்குள் ஒரு பியூஸ் இல்லையென்றால் மற்றதெல்லாம் பிறகு, அதை இன்றைக்கே போடுங்கள்.

ஆக்ஸிலேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளையும் அநேகமாக இதே எர்த்தில்தான் பிறக்கும். அது போகவில்லையென்றால் சிக்னல் வயரையும் பவர் வயரையும் வண்டியின் எதிரெதிர்ப் பக்கத்தால் கொண்டுபோங்கள்.

கருகல் வாடை

உடனே நிறுத்துங்கள். காரணம் பெரும்பாலும் கெய்ன், அதாவது செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஏற்றபடி அம்பை அமைக்கும் குமிழ். அது வொலியூம் குமிழ் அல்ல என்று எத்தனை தரம் சொன்னாலும், ட்ரிப் நடுவில் யாராவது ஒருவர் அதை முழுக்கத் திருப்பிவிடுவார்.

சப் வயரைக் கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட் பூச்சியம், ஈக்வலைசர் சமம், செட்டின் வொலியூம் முக்கால். 50 ஹேர்ட்ஸ் டோனை ஓடவிட்டு அம்பின் ஸ்பீக்கர் வாயில் மீட்டரை ஏசி வோல்ட்டில் பிடியுங்கள். சப் தாங்கும் வொட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். 300 வொட்ஸ், 4 ஓம் என்றால் 34.6, அதே 300 வொட்ஸ், 2 ஓம் என்றால் 24.5. குமிழை அடியிலிருந்து மெல்ல ஏற்றி அந்த இலக்கத்தில் நிறுத்துங்கள். அம்பின் சொந்தப் பலம் அதைவிடக் குறைவென்றால் அதன் வொட்ஸை வைத்தே கணக்குப் போடுங்கள். மேல் சத்தத்தை வெட்டும் லோ பாஸ் 80 ஹேர்ட்ஸ்.

பிறகு நான் குமிழும் அம்பும் சேரும் இடத்தில் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்துவிடுவேன். அடுத்த முறை "நான் தொடவே இல்லண்ணே" என்று வரும்போது, சொட்டு இரண்டாக உடைந்திருக்கும்.